தக்காளி காத்திருக்கட்டும், கீரையில் தொடங்குங்கள்

வீட்டில் முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கைவைப்பது தக்காளியிலும் கொத்தமல்லியிலும்தான். அதுவும் பங்குனி, சித்திரையில். வெளிநாட்டுத் தோட்டக் காணொளிகள் வசந்த காலத்தில் விதைக்கச் சொல்கின்றன, நாமும் மார்ச், ஏப்ரலில் தொட்டிகளை வாங்கி அடுக்கிவிடுகிறோம். இங்கிலாந்தில் அந்த அறிவுரை மிகச் சரி. அங்கே உறைபனி விலகிய பிறகுதான் தக்காளி நாற்றை வெளியே வைக்க முடியும். அடுத்த உறைபனிக்குள் காய் பறித்தாக வேண்டும். தமிழகச் சமவெளியில் அந்தத் தடையே கிடையாது. நம் செடிகளுக்கு எதிரி வெயில்தான். நமக்கு இளவேனில் என்பதே சித்திரையும் வைகாசியும்; மே 4 வாக்கில் பிறக்கும் அக்னி நட்சத்திரம் அதற்குள்தான் வருகிறது. ஆகவே இங்கே முதல் தோட்டம் பிழைக்குமா என்பது பெரும்பாலும் எந்த மாதத்தில் எந்த விதையைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. உரம், மருந்து எல்லாம் அதற்குப் பிறகு.

பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாதபோது தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. செடி தளதளவென்று வளரும், பூக்கவும் செய்யும். பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிரும். கொத்தமல்லியோ வெயில் கண்டால் இலை விடுவதைக் குறைத்துச் சீக்கிரமே பூத்தண்டு நீட்டிவிடும். தனக்குக் கைராசி இல்லை என்று மனம் விட்டு, தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார் புதியவர். இதே வெயிலில் வெண்டையும் கொத்தவரையும் செழிக்கின்றன. தண்டுக்கீரை 3 முதல் 5 நாளில் முளைக்கிறது. முளைக்கீரையாகப் பறிப்பதானால் 25 நாளில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். முதல் முயற்சிக்கு இவ்வளவு விரைவான பலன் மிக முக்கியம். ஒரு மாதத்துக்குள் அறுவடையைப் பார்த்தவர் அடுத்த விதையை வாங்காமல் இருக்கமாட்டார்.

கீரைக்கு ஆழமான தொட்டி தேவையில்லை. முக்கால் அடி மண் போதும், அகலம்தான் வேண்டும். செம்மண், மட்கிய தொழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பலாம். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைப் பாதிக்கும். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும். நாலைந்து பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, கையால் தெளித்துத் தண்ணீர் விட வேண்டும். குவளையால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அன்றே எறும்பு வந்து விதையை இழுத்துப் போகும். அதன் கவனத்தைத் திருப்ப, தொட்டியைச் சுற்றி ஒரு கைப்பிடி ரவையைத் தூவி வைப்பது பழகிய கைகள் செய்யும் வேலை.

நிழல்வலை கட்டினால் சித்திரையிலும் தக்காளி காய்க்காதா என்று கேட்கலாம். வலை வெயிலின் கடுமையைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் இரவு வெக்கையை அது தணிக்காது. காய் பிடிப்பதில் இரவுக்கும் பங்குண்டு. முதல் மாதமே வலைக்கும் கம்பத்துக்கும் செலவழிப்பதைவிட, கார்த்திகையில் நாற்றுவிட்டு, பனிக்காலத்தில் காய்க்க விடுவது எளிது. கத்தரியும் மிளகாயும் ஆடிப்பட்டத்தில் நன்றாக வரும். ஒரு கட்டுக் கீரை கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் என்ன மருந்து அடித்தார்கள் என்று கடைக்கீரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுக்கீரையில் அந்தச் சந்தேகமே இல்லை. பறித்த அரைமணியில் சமைத்த கீரையின் ருசியை விலைக்கு வாங்கவும் முடியாது. மாடி தாங்குமா என்ற அச்சம் மட்டும் முழுக்க நியாயமானது. நனைந்த மண் கனமானது. பழைய கட்டடமானால் பொறியாளரிடம் கேட்ட பிறகே தொட்டிகளைப் பெருக்குங்கள்.

இந்த வாரம் ஒரு பொட்டலம் தண்டுக்கீரை விதையும் ஒரு பொட்டலம் வெண்டை விதையும் மட்டும் வாங்குங்கள். சமையலுக்கு வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிய பின், தடித்த தண்டுகள் நாலைந்தை அரைநிழலில் ஈரமண்ணில் செருகிவையுங்கள், வேர் பிடித்துவிடும். தக்காளி விதை வாங்குவதைக் கார்த்திகைக்குத் தள்ளிவையுங்கள்.