காற்றை நீக்கினால் உணவு கெடாதா? வேக்கம் சீலர் தரும் நன்மையும் அதன் எல்லையும்

பொருளைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, பையின் வாயைச் சூட்டால் ஒட்டிவிடும் சிறு இயந்திரம்தான் வேக்கம் சீலர். கடைகளிலும் மீன் ஏற்றுமதிக் கூடங்களிலும் மட்டும் இருந்த இது, இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது. உணவு பல மடங்கு நாள் கெடாமல் இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதில் பாதி உண்மை. நன்றாகக் காய்ந்த பொருளுக்கும் ஃப்ரீசரில் உறையவைக்கும் பொருளுக்கும் இந்த இயந்திரம் பெரும் காவல். ஈரமுள்ள உணவைக் காற்று நீக்கி அலமாரியில் வைத்தால் அதே இயந்திரம் நோய்க்கு வழி திறந்துவிடும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டவருக்கே அது உடல்நலத்துக்கு உதவும்.

காற்று உணவை என்ன செய்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்ஸிஜன். அது உணவிலுள்ள கொழுப்போடு வினைபுரியும்போது சிக்கு வாடை பிறக்கிறது. நாள்பட்ட முந்திரியிலும் எள்ளிலும் முறுக்கிலும் நாம் உணர்வது அந்த வாடையைத்தான். வைட்டமின் ஏ, சி, ஈ மூன்றும் ஆக்ஸிஜன் பட்டால் குறையக்கூடியவை. மிளகாய்த்தூளின் சிவப்பு மங்குவதிலும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பங்குண்டு. பூஞ்சைக்கும், வண்டுக்கும், இறைச்சியை வழவழப்பாக்கி நாற்றமெடுக்கச் செய்யும் பல பாக்டீரியாக்களுக்கும் ஆக்ஸிஜன் தேவை. பையிலிருந்து காற்றை எடுத்தால் இத்தனை கேடுகளும் ஒரே சமயத்தில் மெதுவாகின்றன. வெளியிலிருந்து ஈரப்பதம் புகுவதும் தடைபடுகிறது. மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் பருப்பும் பொடியும் நமுத்துப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே இந்த இரண்டாவது பயன் முதலாவதற்குக் குறைந்ததல்ல.

காய்ந்த பொருளுக்கு முதல் இடம்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நிலக்கடலை, மக்காச்சோளம், காய்ந்த மிளகாய் ஆகியவை சரியாக உலராமல் ஈரத்தோடு இருந்தால் இந்தப் பூஞ்சை பிடிக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு முழுமையாக அழிவதில்லை. ஆகவே வராமல் தடுப்பதுதான் வழி. நன்றாக வெயிலில் காயவைத்து, பூசணம் பூத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காற்று நீக்கி அடைத்தால் பூஞ்சை வளர இடமில்லை. முன்பே நஞ்சேறிய கடலையை எந்த இயந்திரமும் சுத்தமாக்காது.

ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் வண்டும் பிழைக்காது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் ஆப்பிரிக்க உழவர்களுக்காக உருவாக்கிய மூவடுக்குப் பைகள் இதே நெறியில்தான் இயங்குகின்றன. காற்றுப் புகாத பையில் பூச்சிகளே இருக்கும் ஆக்ஸிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டு மடிகின்றன. மருந்து தூவாமல் தட்டைப்பயறு மாதக்கணக்கில் தங்குகிறது. பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் வீட்டில் இந்த வழியைக் கையாளலாம். கம்பு மாவு மட்டும் விதிவிலக்கு. அரைத்த சில நாளில் அது கசப்பதற்கு அதிலுள்ள நொதியே முதற்காரணம். காற்றை எடுத்தாலும் நொதி வேலை செய்யும். கம்பை முழுதாகக் காற்று நீக்கி வைத்து, வேண்டும்போது அரைத்துக்கொள்வதே சரி.

ஃப்ரீசரில் கிடைக்கும் நன்மை

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் ஃப்ரீசரின் உலர்ந்த காற்று, மீனின் மேற்பரப்பிலுள்ள பனியை நேராக ஆவியாக்கிவிடுகிறது. அதனால் சதை வெளுத்து நாராகிறது. மத்தி, அயிலை போன்ற மீன்களின் கொழுப்பு உறைந்த நிலையிலும் மெல்ல ஆக்ஸிஜனோடு வினைபுரியும். நாம் அந்த மீனை வாங்குவதே ஒமேகா-3 கொழுப்புக்காகத்தான். பை மீனோடு ஒட்டியிருந்தால் இரண்டு சேதமும் வெகுவாகக் குறையும். மீனை நாள்பட வைக்க உப்பையே நம்பியிருக்க வேண்டாம் என்பதும் பெரிய ஆதாயம். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்குக் கருவாட்டையும் ஊறுகாயையும் விட உப்பில்லாமல் உறையவைத்த மீன் நல்லது. ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து அடைத்தால், மொத்தத்தையும் உருக்கி மீண்டும் உறையவைக்கும் தவறும் நேராது.

காற்றில்லா இடத்தை விரும்பும் கிருமி

உணவு கெட்டதை நமக்கு அறிவிப்பவை நாற்றமும் வழவழப்பும் பூசணமும். காற்றை நீக்கும்போது அவற்றை உண்டாக்கும் கிருமிகள்தான் முதலில் அடங்குகின்றன. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் அப்போது போட்டியின்றிப் பெருகலாம். நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சை அது சுரக்கும். அதன் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாவதில்லை. 1985-ல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். பூண்டை மூடியிருந்த எண்ணெய் காற்றைத் தடுத்ததே அதற்கு வழிசெய்தது. காற்று நீக்கிய பையும் அதே சூழலைத்தான் தருகிறது.

ஆகவே பச்சைப் பூண்டையும் காளானையும் இப்படி அடைக்கக் கூடாது. பொரியல், குழம்பு, வேகவைத்த பயறு போன்றவற்றை ஆறவிட்டு அடைத்தவுடன் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் என்றால் 5 டிகிரிக்கும் கீழே, சாதாரண டப்பாவில் வைக்கும் அதே ஓரிரு நாள்தான். லிஸ்டீரியா என்ற கிருமி காற்றில்லாமலும் குளிரிலும் வளரக்கூடியது. கர்ப்பிணிகளுக்கு அது பெரும் ஆபத்து. உறைந்த மீன் பையைத் திறந்துவிட்டே ஃபிரிட்ஜில் உருகவைக்க வேண்டும். இட்லி மாவு புளிக்கும்போது வாயு வெளியாகிப் பை உப்பிவிடும் என்பதால் அதற்கு இது ஆகாது.

எழும் மறுப்புகள்

அன்றன்று சமைத்துச் சாப்பிடுவதே நல்லது, சேமித்து வைப்பானேன் என்று கேட்கலாம். நேரமும் துணையும் உள்ள வீட்டுக்கு அது சரியே. இருவர் மட்டும் வாழும் முதியோர் வீட்டிலும், வேலைக்குப் போகும் தாய் தனியே சமைக்கும் வீட்டிலும் உணவு எப்படியும் மிஞ்சத்தான் செய்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. மிஞ்சுவதைப் பாதுகாப்பாக வைப்பது சோம்பல் ஆகாது.

பிளாஸ்டிக் பற்றிய மறுப்பு கனமானது. பல அடுக்குகளால் ஆன இந்தப் பைகளை மறுசுழற்சி செய்வது கடினம். பச்சை மீனும் இறைச்சியும் வைத்த பையைத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது. பருப்பும் பொடியும் வைத்த பையை ஓரம் வெட்டி மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். உலர்பொருள் மட்டும் வைப்பவருக்குக் கையால் காற்றை உறிஞ்சும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியே போதும். பையோடு கொதிக்கவைக்க வேண்டுமானால் அதற்கென்று குறிப்பிட்ட பைகளையே வாங்க வேண்டும்.

யார் வாங்கலாம்?

ஃப்ரீசர் சரியாக வேலை செய்யாத வீட்டுக்கும், மின்சாரம் அடிக்கடி நெடுநேரம் நிற்கும் ஊருக்கும் மீனை அடைக்க இது உதவாது. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பருப்பும் கடலையும் வாங்குபவர்கள், மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கி வைப்பவர்கள், உப்பைக் குறைக்க வேண்டிய நோயாளி உள்ள குடும்பங்கள் தாராளமாக வாங்கலாம். அடைக்கும் ஒவ்வொரு பையின் மேலும் பொருளின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எந்தப் பொருளையும் அடைக்கும் முன் இது காய்ந்திருக்கிறதா, இல்லையென்றால் உறையவைக்கப் போகிறேனா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், அதை அடைக்காமல் அன்றே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.