கரிய முகில்களின் பனியில் சேதனப் பொருள்கள்

நெருப்பின்றி உலை கொதிப்பதில்லை. இரசாயனத் தாக்கங்களும் பெரும்பாலும் அவ்வாறே. வெப்பநிலை தாழத் தாழ அவை மந்தமடைந்து, கடுங்குளிரில் ஏறக்குறைய நின்றேவிடுகின்றன. இதனை அறிந்த இரசாயன அறிஞர்க்கு விண்வெளி ஒரு புதிரை வைத்தது. பூச்சியத்துக்குக் கீழ் 263 சதமபாகை வரை குளிர்ந்து கிடக்கும் முகில்களில் மெதனோல் என்னும் மதுசாரமும் வேறு பல சேதனப் பொருள்களும் இருப்பதை வானொலித் தொலைகாட்டிகள் அறிவித்தன. அடுப்பே இல்லாத இடத்திற் சமையல் நடந்தது எவ்வாறு?

இம்முகில்கள் மழை முகில்களல்ல; விண்மீன்களுக்கிடையே வாயுவும் தூசியும் கூடி நிற்கும் பரந்த திரள்கள். பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியை அவை மறைத்துவிடுவதால், முற்கால வானியலார் சிலர் அவற்றை வானத்திலுள்ள வெறுந் துவாரங்கள் என்றே எண்ணினர். திரள் என்று கூறினும் அவற்றின் அடர்த்தி மிகச் சொற்பம். பூமியின் காற்றில் ஒரு கன சதமமீற்றரில் இரண்டு கோடி கோடி இலட்சத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் உள. கரிய முகிலில் அதே அளவான இடத்திற் சில ஆயிரமோ சில இலட்சமோதான். இத்தகைய வெறுமையில் இரு துணிக்கைகள் சந்திப்பதே அரிது. சந்தித்தாலும், சேர்க்கையில் வெளிப்படும் சத்தியை ஏற்க மூன்றாம் பொருள் அருகில் இல்லாமையால் அவை மீண்டும் பிரிந்துவிடக்கூடும். 1969 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கிறீன் பாங்க் என்னுமிடத்திலுள்ள தொலைகாட்டியைக் கொண்டு விண்வெளியிற் போமல்டிகைட்டு கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் மெதனோலும் காணப்பட்டது. அம்மெதனோலின் அளவை வாயுநிலைத் தாக்கங்களை மாத்திரம் கொண்டு விளக்க இயலவில்லை.

விடை தூசியில் இருந்தது. முகிலின் தூசித் துகள் ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. சிலிக்கேற்றும் காபனும் கொண்டது. குளிர்ந்த அத்துகளில் வந்து மோதும் அணுக்களும் மூலக்கூறுகளும் ஒட்டிக்கொள்கின்றன. ஊர் ஊராய்ப் பிரிந்து வாழ்வோர் சந்தை நாளில் ஓரிடத்திற் கூடுவதுபோல, வெளியில் ஒன்றையொன்று காணாத அணுக்கள் அங்கே கூடுகின்றன. சேர்க்கையின் சத்தியையும் துகளே ஏற்றுக்கொள்கிறது. ஒட்சிசனோடு ஐதரசன் சேர்ந்து நீராகி, அந்நீர் அங்கேயே உறைகிறது. விண்வெளிப் பனியின் பெரும்பகுதி வேறெங்கிருந்தோ வந்து படிந்ததன்று, துகளின்மீதே ஆக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. நீரோடு அமோனியா, மெதேன், காபனீரொட்சைட்டு ஆகியனவும், முகில் மேலும் குளிர்ந்தபின் காபனோரொட்சைட்டும் அப்பனியிற் சேருகின்றன.

ஆயினும் கூடினால் மாத்திரம் போதுமோ? காபனோரொட்சைட்டோடு ஐதரசன் அணு இணைவதற்கு ஒரு சத்தித் தடையைக் கடக்கவேண்டும். அக்குளிரில் அதனை ஏறிக் கடக்கும் வலு அணுவுக்கு இல்லை. ஆனால் மிக இலேசான ஐதரசன் அணு, மலையை ஏறாமற் சுரங்கவழியே மறுபுறஞ் செல்வாரைப்போல, தடையை ஊடுருவிவிடுகிறது. அணுவுலகின் விதிகளை ஆராயும் சத்திச் சொட்டுக் கொள்கை இதற்கு இடமளிக்கிறது. ஒரு துகளின்மீது ஐதரசன் அணு வந்து விழுவது ஏறத்தாழ நாளுக்கொன்று என்ற கணக்கிலேயே. முகிலின் ஆயுளோ பல இலட்சம் ஆண்டுகள். அவசரம் எதற்கு? இரண்டு ஐதரசன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரப் போமல்டிகைட்டு உண்டாகிறது. மேலும் இரண்டு சேர மெதனோல். 2002 ஆம் ஆண்டில் யப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து அறிஞர் வத்தனபேயும் கௌச்சியும் பனிப்படலத்தின்மீது ஐதரசன் அணுக்களைச் செலுத்தி, அதே குளிரில் இவ்விரு பொருள்களையும் பெற்றனர்.

முகில் சுருங்கி நடுவே விண்மீன் உருவாகத் தொடங்கும்போது பனி சற்றே சூடேறுகிறது. கதிர்களால் உடைக்கப்பட்ட மூலக்கூறுகளின் துண்டுகள் அசைந்து, தம்முள் இணைந்து, மேலும் பெரிய மூலக்கூறுகளாகின்றன. 2002 இலேயே அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் இரண்டு, நீர், மெதனோல், அமோனியா முதலியன கலந்த பனியில் ஊதாக் கடந்த கதிர்களைச் செலுத்தி, எஞ்சிய பசையில் அமினோ அமிலங்களைக் கண்டன. உயிரினங்களின் புரதம் இவற்றால் ஆனதாகையால் அச்செய்தி பெரும் பரபரப்பை விளைத்தது. ஆனால் அப்பசை அமிலத்தாற் பகுக்கப்பட்ட பின்னரே சோதிக்கப்பட்டது. அமினோ அமிலங்கள் பனியிலேயே முழுமையாக இருந்தனவா, அன்றிச் சோதனைமுறையின்போது அவற்றின் முன்னோடிகளிலிருந்து பிறந்தனவா என்ற ஐயம் நியாயமானதே. 2020 இல் லைடன் நகர ஆய்வுகூடத்திற் கதிர்களின் துணையின்றியே, கடுங்குளிர்ப் பனியிற் கிளைசீன் என்னும் மிக எளிய அமினோ அமிலம் உண்டாக்கப்பட்டமை இவ்விவாதத்துக்குப் புதிய வலுவூட்டியது. விண்மீன் பிறக்குமுன்னரே கிளைசீன் தோன்றலாம் என்பது அதன் பொருள்.

விண்ணிற் சான்று தேடுவதில் ஓர் இடர்ப்பாடுண்டு. வானொலித் தொலைகாட்டி, சுழலும் வாயு மூலக்கூறுகளையே இனங்காணும்; பனியில் உறைந்த மூலக்கூறு சுழலாது. அது செந்நிறக்கீழ்க் கதிர்களில் உறிஞ்சும் பகுதிகளைக் கொண்டே அறியப்பட வேண்டும். 2021 இறுதியில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட வெப் தொலைகாட்டி இதற்கு ஏற்றது. பிறந்துவரும் விண்மீன்களைச் சூழ்ந்த பனியில் எதனோலும், அசற்றிக் அமிலமாக இருக்கக்கூடிய குறியும் அதன் மூலம் 2024 இற் காணப்பட்டன. வால்வெள்ளிகளின் பனி பெரிதும் இத்தகைய பழம்பனியே என்று கருதப்படுகிறது. சுரியுமோவ்–கெரசிமெங்கோ என்னும் வால்வெள்ளியைச் சுற்றிய றொசெற்றா விண்கலம் அதன் வாயுவிற் கிளைசீனை அளந்தமை 2016 இல் வெளியாயிற்று. கரிய முகில்களிலோ, பல்லாண்டு தேடியும், கிளைசீனின் குறி ஐயத்துக்கிடமின்றி இன்னும் கிட்டவில்லை.