செம்பும் களிம்பும்

செம்பிற் களிம்புபோல ஆணவமலம் ஆன்மாவைப் பற்றி நிற்கும் என்பது சைவசித்தாந்தம் பயின்றார் யாவரும் அறிந்த உவமை. களிம்பைக் கண்டதும் பழப்புளியிட்டு விளக்குவது நம் இல்லங்களின் வழக்கமுமாகும். எனினும், களிம்பைத் தொடாது விடுதலே அறிவுடைமையாகும் இடமும் ஒன்றுண்டு. அதனை மாணவர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பண்டை உரோமர் தம் மேலாடையைத் தோளிற் பொருத்துதற்குச் செப்புக் கலவையாலான ஊசியணியைப் பயன்படுத்தினர். வளைந்த உடலும், சுருள் வில்லும், ஊசியும், ஊசிமுனையைத் தாங்கும் கொளுவியும் அதன் உறுப்புக்களாம். இக்காலத்துப் புறோச்சும் ஊக்கும் அதன் வழிவந்தனவே. காலந்தோறும் அதன் வடிவம் மாறியமையால், முறிந்த துண்டொன்று கிடைப்பினும் அதன் காலத்தை அறிஞர் ஒருவாறு கணித்தல் கூடும்.

நம் நாட்டிலும் இத்தகைய சிறு பொருளொன்று பெருஞ் செய்தி கூறியதுண்டு. 1980ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஆனைக்கோட்டையிற் பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தபொழுது, எலும்புக்கூட்டோடு முத்திரையொன்றைக் கண்டெடுத்தனர். அதில் மேல்வரியிற் குறியீடுகளும், கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் இருந்தன. அவ்வெழுத்துக்கள் ‘கோவேத’ என வாசிக்கப்பட்டன. ‘கோ’ என்பது தலைவனைக் குறிக்குஞ் சொல் அன்றோ! அம்முத்திரை வயலிலே தனித்துக் கிடந்திருப்பின் யாருடையது, எக்காலத்தது என்று எவர் உரைப்பார்? கறுப்புச் சிவப்பு மட்கலங்களோடும் மனித எலும்போடும் கிடந்தமையாலன்றோ அது வரலாறாயிற்று!

கந்தரோடையும் இவ்வகையிற் புகழ்பெற்ற ஊரே. 1917ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் அங்குச் செய்த ஆய்வினால், உரோம நாணயங்களும் கண்ணுக்கு மைதீட்டும் செப்புக் கோல்களும் வெளிப்பட்டன. கடல்கடந்த வாணிகம் நம் குடாநாட்டையும் தொட்டுச் சென்றமைக்கு அந்நாணயங்கள் சான்றாம்.

இனிக் களிம்பின் இயல்பை நோக்குவோம். செம்பு மண்ணின் ஈரத்தோடும் உப்போடும் கலந்து பச்சைப் படலமாக மாறுகிறது. பொருளின் பழைய மேற்பரப்பும், அதன்மேற் பொறித்த எழுத்தும் பெரும்பாலும் அப்படலத்திலேயே தங்கிவிடும். புளியின் அமிலம் அப்படலத்தைக் கரைக்க, எழுத்தும் உடன் கரையும். பளபளக்கும் உலோகம் எஞ்சும், செய்தி எஞ்சாது.

ஆதலின் மாணவர்காள், கிணறு தோண்டும்போதோ தோட்டங் கொத்தும்போதோ பழஞ் செப்புத்துண்டு கண்ணிற் படின், அதனை விளக்காதீர், வளைக்காதீர், பழைய உலோகம் வாங்குவோர்க்கு விற்காதீர். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் உடன்கிடந்த ஓட்டுத்துண்டுகளையும் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வாயிலாகத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அங்ஙனம் அறிவித்தலைக் கடமையாக்குகிறது.

ஆன்மாவின் களிம்பு அகலுக. பழஞ் செம்பின் களிம்போ நம் முன்னோர் வரலாற்றைக் காக்கும் கவசமாதலின் அவ்வண்ணமே நிலைபெறுக!