போருக்குப் பிந்தைய அமைதியும் நில உறுதிப்பாடும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து (1792–1805)

ஆய்வுச் சுருக்கம்

போர் ஓய்ந்த நிலப்பகுதியில் நிலைத்த அமைதி எவ்வாறு உருவாகிறது என்னும் வினாவை, மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு வந்த சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. உழுபவருக்கு நிலத்தின் மீதும் வரியின் மீதும் கிடைக்கும் உறுதியே அமைதிக்கு அடித்தளம் என்பதும், அவ்வுறுதியை ஆள்வோர் ஒருதலையாக வகுக்கும்போது அது நிலைப்பதில்லை என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அமைதிக் கட்டமைப்பு, இரயத்துவாரி, சேலம், நாமக்கல், மிட்டா, பாளையக்காரர்.

முன்னுரை

அமைதியியல் ஆய்வாளர் யொகான் கால்டுங் 1960களில் அமைதியை இரண்டாகப் பகுத்தார். ஆயுத மோதல் நின்றுவிட்ட நிலை எதிர்மறை அமைதி. மோதலை மீண்டும் தோற்றுவிக்கும் சமூகக் காரணங்களும் நீங்கிய நிலை நேர்மறை அமைதி. 1992இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் பூத்ரோசு பூத்ரோசு காலி அளித்த அறிக்கை, போருக்குப் பிந்தைய அமைதிக் கட்டமைப்பு என்னும் கருத்தை உலக அரங்கில் பரவலாக்கியது. பசி, பிணி, பகை ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணும் திருக்குறளின் ‘நாடு’ அதிகாரமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பாதுகாப்பு என்பது கோட்டைக் காவலோடு முடிவதில்லை என்னும் புரிதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. இப்புரிதலைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களமாகச் சேலம், நாமக்கல் சமவெளி அமைகிறது.

கைமாறிய சமவெளி

சேர்வராயன் மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இச்சமவெளி, தாரமங்கலத்தை மையமாகக் கொண்ட கெட்டி முதலிகளின் ஆளுகையில் இருந்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் அரசின் கீழ் வந்தது. கருநாடகச் சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையே அமைந்ததால், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது போர்ப்பாதையாயிற்று. 1768இல் கும்பினித் தளபதி உட்டு சேலம், நாமக்கல் உள்ளிட்ட இடங்களைக் கைப்பற்றினார். சில திங்களுக்குள் ஐதர் அலி அவற்றை மீட்டார். காவிரிக்குத் தெற்கே உள்ள கரூர் 1783இலும் 1790இலும் கும்பினிப் படையிடம் வீழ்ந்தது.

இவ்வாறு கோட்டைகள் கைமாறுவதன் சுமை ஊர்களின் மீதே விழுந்தது. அக்காலப் படைகள் பொதிமாடுகளையும் வழியில் திரட்டிய தானியத்தையும் நம்பி நகர்ந்தன. ஏர்மாட்டையும் விதைநெல்லையும் இழந்த குடியானவருக்குப் படை விலகியதும் இயல்பு வாழ்வு திரும்பிவிடுவதில்லை. விளைச்சலில் எவ்வளவு, யாருக்குச் செலுத்த வேண்டும் என்பது தெரியாத நிலையில் அவர் உழவில் முதலிடத் தயங்குவார். கிணற்றுப் பாசனத்தை நம்பிய இப்பகுதியில் இத்தயக்கம் பெருங்கேடு. கிணறு வெட்டியதன் பயன் ஓராண்டில் கிடைப்பதன்று.

உடன்படிக்கையும் நில அளவையும்

1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் ஆட்சிப்பரப்பில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை செலுத்தவும் இசைந்தார். பாராமகாலும் சேலமும் கும்பினிக்கு வந்தன. அவற்றை ஆள அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரை ஆளுநர் நாயகம் காரன்வாலிசு அமர்த்தினார். சென்னையின் குடிமை அலுவலர் பலருக்கு நாட்டுமொழி அறிவு இல்லை என்பது இத்தேர்வுக்கு ஒரு காரணமாகும். ரீடின் உதவியாளராகத் தாமசு மன்றோ, மெக்லியோடு, கிரகாம் ஆகியோர் பணியாற்றினர். சேலம், நாமக்கல் அடங்கிய தென்பிரிவு மெக்லியோடின் பொறுப்பில் இருந்தது.

நிலங்கள் புலம் புலமாக அளக்கப்பட்டுத் தீர்வை வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் பல ஆண்டுக் குத்தகையே முயலப்பட்டது. 1796 டிசம்பரில் ரீடு வெளியிட்ட அறிவிப்போ, நிலத்தின் தீர்வை மாறாதிருக்க, உழவர் ஆண்டுதோறும் தம் சாகுபடிப் பரப்பைக் கூட்டவோ குறைக்கவோ இடமளித்தது. பின்னாளில் மன்றோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இரயத்துவாரி முறையின் கரு இதுவே. போரால் நலிந்த பகுதிக்கு இவ்வேற்பாடு பொருந்தியதன் காரணம் எளிது. ஓர் இணை மாடு மட்டும் எஞ்சியவர் அதனால் உழக்கூடிய நிலத்துக்கு மட்டும் வரி செலுத்தலாம். மாடு பெருகும்போது நிலத்தையும் பெருக்கலாம்.

உறுதிப்பாட்டின் எல்லைகள்

எனினும் இவ்வமைதி மூன்று வகைகளில் குறைபட்டது. முதலாவது, தீர்வையின் கனம். வருவாய் குறையாமை கும்பினியின் முதன்மை நோக்கமாதலால் வரியளவு உயர்ந்தே இருந்தது. இம்முறையில் பயின்ற மன்றோவே, 1807இல் கடப்பை, பெல்லாரி முதலான பகுதிகளுக்குத் தீர்வையில் 25 விழுக்காடு குறைக்கப் பரிந்துரைத்தமை இச்சிக்கலை உணர்த்தும்.

இரண்டாவது, அளித்த உறுதி மாற்றப்பட்டமை. 1802ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தை ஒட்டிச் சேலத்து ஊர்கள் மிட்டாக்களாகத் தொகுக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டன. அரசோடு நேரடித் தொடர்பு பெற்றிருந்த உழவர், தாம் தேர்ந்தெடுக்காத மிட்டாதாரின் கீழ்த் தள்ளப்பட்டார். நிலுவையால் பல மிட்டாக்கள் வீழ்ந்து மீண்டும் அரசிடமே வந்தன.

மூன்றாவது, ஆயுதம் தாங்கிய உள்ளூர்த் தலைமைகளுக்குப் புதிய ஒழுங்கில் மதிப்புடைய இடம் வகுக்கப்படாமை. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கின் எஞ்சிய பகுதியும் கும்பினியின் கைக்கு வர, பாளையக்காரர் எதிர்ப்பு மூண்டது. ஓடாநிலையைத் தளமாகக் கொண்டு போரிட்ட தீரன் சின்னமலை 1805 சூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். வருவாய்க் கணக்கில் அமைதியாகத் தோன்றிய அதே சமவெளி, கொங்கு மக்களின் நினைவில் தூக்குமேடையின் நிலமாகவும் பதிந்தது. எதிர்ப்பை ஒடுக்கிப் பெற்ற பாதுகாப்பு எதிர்மறை அமைதியின் எல்லையைத் தாண்டவில்லை.

இன்றைய பொருத்தம்

2009 மே மாதத்தில் போர் முடிந்த இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நிலமே இன்றும் தீராத வினாவாக நிற்கிறது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சென்ற காணிகள் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன. கேப்பாப்புலவு மக்கள் 2017இல் தம் காணிகளைக் கேட்டுத் தொடர் போராட்டம் நடத்தினர். அப்போரால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வு முகாம்கள் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் உள்ளன. 2021இல் தமிழ்நாடு அரசு, ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியதுடன் குடியிருப்பு முதலானவற்றுக்கு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது. பெயர் மாற்றமும் வீடும் மதிப்பைத் தருவன. ஆயினும் திரும்பிச் செல்ல விழைவோருக்கு ஊரில் காணி உண்டா, இங்கேயே வாழ விழைவோருக்குக் குடியுரிமை உண்டா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கிடைக்காதவரை அவர்தம் பாதுகாப்பு முழுமையுறாது.

முடிவுரை

நிலம் யாருடையது, அதிலிருந்து அரசு எவ்வளவு கொள்ளும் என்பவை தெளிவான பின்னரே உழவர் எதிர்காலத்தை நம்பி உழைக்கிறார். போர் உண்மையில் ஓய்வதும் அப்போதே. 1796இன் அறிவிப்பு இதற்கு வழிவகுத்தது. ஆயினும் கொடுத்த உறுதியை ஆறே ஆண்டுகளில் மாற்றும் உரிமை ஆள்வோரிடமே இருந்தமையால் அது முழுமை பெறவில்லை. அமைதிக் கட்டமைப்பை மதிப்பிட முனையும் ஆய்வுகள், படைவிலக்கத்தையும் வருவாய்ப் பெருக்கத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், உறுதிமொழியை மாற்றும்போது அதனால் பாதிக்கப்படுவோரின் இசைவு பெறப்பட்டதா என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.