திடீரென அணைந்துபோகும் கணிப்பொறி

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணிப்பொறி தானாக அணைந்துவிட்டால், நம்மில் பலர் செய்வது இரண்டே காரியங்கள்தாம். மீண்டும் பொத்தானை அழுத்துவது. பயனில்லையேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவது. இவ்விரண்டுக்கும் இடையே செய்யவேண்டியது ஒன்றுண்டு. எந்த நேரத்தில், என்ன வேலையின்போது, இயக்கிய எத்தனை நிமிடங்களில் அணைந்தது என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். அத்துடன் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்து வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுபட்டால் கோப்பே சிதைந்துபோகக்கூடும்.

எங்கள் மதரஸா அலுவலகத்தில் ஆண்டுத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்த வேளையில் இத்தொல்லை தலைதூக்கியது. வினாத்தாள்கள் அனைத்தும் அதற்குள்ளேதான். வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், மதர்போர்டு போய்விட்டது, மாற்றவேண்டும் என்றார். ஆனால் காலையில் ஒழுங்காக ஓடும் கருவி, லுஹருக்குப் பின் வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் அணைவானேன்? அதற்கு அவரிடம் விடையில்லை. பக்கத் தகட்டைக் கழற்றியதும் விடை தெரிந்தது. பிராசஸரின் மேலிருக்கும் ஹீட் சிங்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் அடைந்து கிடந்தது.

பிராசஸர் அளவுமீறிச் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்கவில்லையென்றால் இயக்கத்தையே நிறுத்திவிடும். இன்றைய பிராசஸர்கள் பலவற்றில் இவ்வெல்லை 100 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கிறது. ஆக, அணைவது கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடே. இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸ் திரைக்குள் சென்றால், பெரும்பாலான கருவிகளில் வெப்ப அளவைக் காணலாம். அங்கேயே 80 பாகையைத் தாண்டினால் காற்றோட்டத்தில் குறையிருக்கிறது என்று கொள்ளலாம்.

தூசி நீக்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். மென்மையான தூரிகையே போதும். காற்றூதி பயன்படுத்தினால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளான கருவியெனில் பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் பட்டாணியளவு புதிதாக இட்டால் போதுமானது. அதிகம் இடுவதால் நன்மை ஏதுமில்லை.

சூடு இல்லாமலே அணைகிறதா? யு.பி.எஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுவது இயல்பு. வீட்டிலேயே தட்டச்சு வேலை செய்யும் சகோதரிகள் சிலர் லேசர் பிரிண்டரையும் அதே யு.பி.எஸ்ஸில் செருகிவிடுகின்றனர். பிரிண்டர் சூடேறும் கணத்தில் மின்னோட்டத்தை மிகுதியாக இழுப்பதால், யு.பி.எஸ் தாங்காமல் துண்டித்துவிடும், பழியோ கணிப்பொறியின்மீது!

அடுத்த சந்தேகத்துக்குரியது எஸ்.எம்.பி.எஸ். விளையாட்டு, வீடியோ போன்ற கனமான வேலைகளின்போது மட்டும் அணைவது இதன் அடையாளங்களுள் ஒன்று. 12 வோல்ட் வழியில் 11.4க்குக் குறையாமலும் 12.6க்கு மேற்போகாமலும் இருக்கவேண்டும். நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாற்றி மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. அந்தப் பெட்டியை மட்டும் திறவாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். சிறுவர்களை அருகில் விடவேண்டாம்.

விண்டோஸ் பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்றிருப்பதைக் காட்டிச் சிலர் உடனே எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றச் சொல்கின்றனர். முந்தைய முறை கருவி முறைப்படி மூடப்படவில்லை என்பதை மட்டுமே அக்குறிப்பு கூறும். காரணத்தை அதிலிருந்து அறியமுடியாது. 60 விநாடி எண்ணிக்கை காட்டி அணைந்தால் வைரஸ் என்ற பேச்சு, 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் வார்ம் பரவியபோது வந்தது.

அலமாரிக்குள் அடைத்து வைத்த பெட்டி, உள்ளே சிக்கி நிற்கும் பவர் பொத்தான் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அணைந்தால்தான் ரேமையும் மதர்போர்டையும் ஐயுறவேண்டும். அப்போது நீங்கள் குறித்துவைத்த தாளைக் கடைக்காரரிடம் கொடுங்கள். பாகம் எதையேனும் மாற்றினால், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.