உடலுக்குள் ஒரு 'பிரேக்'... அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகள்!

குழந்தை பிறந்து சில நாள்கள்தான் ஆகியிருக்கும். தோலெங்கும் சீழ்க் கொப்புளங்கள். எலும்புகளும் மூட்டுகளும் வீங்கி, தூக்கினாலே வீறிட்டு அழும். பார்த்தால் கடுமையான கிருமித்தொற்று போலவே தெரியும். ஆனால், பரிசோதனையில் கிருமி எதுவும் சிக்காது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் பலன் இருக்காது.

'டிரா' என்ற இந்த அரிய மரபணு நோய் 2009-ல்தான் அடையாளம் காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு இந்த நோய் வரும். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள் என்பதால், முன்கூட்டியே சந்தேகம் வருவதில்லை.

என்ன நடக்கிறது?

காயம் பட்டாலோ, கிருமி நுழைந்தாலோ உடலில் 'இன்டர்லூக்கின்-1' என்ற புரதம் சுரக்கும். அது செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டி, 'ஆபத்து' என்று தகவல் கொடுக்கும். காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் அதன் விளைவுதான்.

இது அளவு மீறாமல் இருக்க, உடலே இன்னொரு புரதத்தையும் தயாரிக்கிறது. அது அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால், எந்தத் தகவலும் கொடுக்காது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத சாவி மாதிரி. இந்தக் காவல் புரதம்தான் டிரா குழந்தைகளின் உடலில் வேலை செய்வதில்லை.

கைகொடுத்த பழைய மருந்து

காரணம் தெரிந்தபோது மருந்தும் தயாராக இருந்தது. அந்தக் காவல் புரதத்தை பாக்டீரியா மூலம் செயற்கையாகத் தயாரித்த 'அனகின்ரா' ஊசி, முடக்குவாதத்துக்காக 2001-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. அதைப் போட்டதும் டிரா குழந்தைகளின் கொப்புளங்களும் வீக்கமும் வேகமாகக் குறைந்தன. 2020-ல் இந்த நோய்க்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ஆனால், ஊசியை நிறுத்த முடியாது. மருந்தின் அளவு 4 முதல் 6 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும் என்பதால் தினமும் போட வேண்டும். போட்ட இடம் சிவந்து தடிக்கலாம். எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை அடக்குவதால், கிருமித்தொற்றிலும் கவனம் தேவை. மூட்டுவலி உள்ள எல்லோருக்குமான மருந்தும் அல்ல இது.

பச்சிளம் குழந்தைக்குச் சீழ்க் கொப்புளமும் எலும்பு வீக்கமும் சேர்ந்து வந்து, கிருமி இல்லை என்று பரிசோதனை சொன்னால், மரபணுப் பரிசோதனை தேவையா என டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்தாகலாம்.