வெப்பவலயப் பசுக்களின் ஈற்றுக்காலம்

பசுவொன்றின் ஆயுட்காலம் வேறு. அது கன்றீன்று பயன்தருங் காலம் வேறு. பதினைந்தாண்டுக்கு மேலும் உயிர்வாழவல்ல விலங்கு ஐந்தாறு வயதிலேயே பட்டியினின்று விலக்கப்படுதல் அரிதன்று. பாலுக்கன்றி இறைச்சிக்காக வளர்க்கப்படும் மந்தைகளிற் பசு தரும் வருவாய் அதன் கன்றொன்றே. ஆதலின், கன்றீனாத பசு தன்னை வளர்த்த செலவைத் தீர்க்குமுன்னரே விலைப்படுகின்றது. இதன் காரணங்களை வட அவுஸ்திரேலியாவின் பிராமன் பசுக்களிடத்துத் தெளிவாகக் காணலாம்.

பிராமன் இனம் நெல்லூர், கிர் முதலிய இந்தியத் திமில் மாடுகளைக்கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அங்கிருந்து 1933 ஆம் ஆண்டிற் குவீன்சுலாந்தை அடைந்தது. உண்ணியையும் வெம்மையையும் பொறுத்தலில் ஐரோப்பிய இனங்கள் இதற்கு நிகராகா. ஆயின், இது பருவமெய்துதலிற் பிந்தியது. அந்நாட்டு ஆய்வொன்றிற் பிராமன் நாகுகள் சராசரியாக 750 நாள் வயதிலும், வெப்பவலயக் கலப்பின நாகுகள் 650 நாள் வயதிலும் பருவமெய்தின.

எனினும், பெரிய இடர் தலையீற்றுக்குப் பின்னரே தோன்றுகின்றது. சினைக்காலம் ஏறக்குறைய 290 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டின், ஈன்று 75 நாளுக்குள் பசு மீண்டுஞ் சினைப்படல் வேண்டும். கருப்பை பழைய நிலையை அடைய 40 நாளளவு கழியும். வேட்கையோ 21 நாளுக்கொருமுறை வருவது. எஞ்சும் வாய்ப்பு ஒன்று அல்லது இரண்டே. தலையீற்றுப் பசுவோ தானும் வளர்ந்துகொண்டு கன்றுக்கும் பாலூட்டுவது. அதன் சூலகம் பன்மாதம் உறங்கிக் கிடத்தல் வியப்பன்று.

இவ்வுறக்கத்துக்குக் காரணம் மடியிலன்று, மூளையிலேயே உளது. கன்று ஊட்டும்போது, முட்டையை வெளிப்படுத்தத் தூண்டும் ஓமோனின் சுரப்புத் தடைப்படுகின்றது. தன் கன்று இதுவெனத் தாய் கண்டும் மணந்தும் அறிதலே இத்தடையை வலுப்படுத்தும். கையாற் கறத்தல் அத்துணை தடை செய்வதில்லை. மெலிந்த பசுவில் இது நெடிது நீடிக்கும். ஆகவே, கன்றை உரிய காலத்திற் பிரித்தல் தாயின் உடல் தேறவும் அடுத்த சினைக்கும் துணையாகும்.

தீவனத்திலும் ஒரு நுட்பமுண்டு. வட அவுஸ்திரேலிய நிலங்கள் பல பொசுபரசுக் குறையுடையன. அக்குறையுற்ற மாடுகள் பழைய எலும்புகளைக் கடித்து, அவற்றிலுள்ள நஞ்சால் மடிதலும் உண்டு. உப்புக்கட்டிகளை வறட்சியில் மட்டும் வைத்தாற் போதுமெனக் கருதுதல் இயல்பு. ஆயின், பசும்புல்லிற் புரதம் மிக்க மழைக்காலத்திலேயே வளர்ச்சியும் பாலும் பெருகுதலாற் பொசுபரசு அப்பொழுதே மிகுதியாக வேண்டப்படும்.

பரம்பரையின் பங்கும் சிறிதன்று. வாழ்நாளில் ஈனுங் கன்றுகளின் தொகை பல காரணங்களாற் குழம்புவதால், அதனை நேரே நோக்கித் தெரிவுசெய்தல் கடினம். பருவமெய்தும் வயதோ பிராமன் இனத்திற் பாதிக்குமேல் மரபுவழிப்பட்டது. தலையீற்றின் பின் விரைந்து வேட்கைகொள்ளும் இயல்பும் அத்தகையதே. பொலிகாளையின் தோற்றத்தை மட்டும் நோக்கி விலைபேசுவோர், அதன் புதல்விகளின் இவ்வியல்புகளையே முதலில் வினவல் தகும்.

இத்தடைகளைக் கடந்த பசுவையும் பத்து வயதளவிற் பல்தேய்வு தாக்குகின்றது. கரட்டுப்புல்லை அரைக்கவியலாது அது மெலியும். சில பசுக்களின் முலைக்காம்புகள் குப்பிபோற் பருத்துவிடுதலால், பிறந்த கன்று வாய்வைக்க இயலாது பட்டினியால் இறக்கின்றது. அப்பசு சினைப்படுவதிற் குறைவின்றியே பட்டியினின்று விலக்கப்படும்.